ரூன் எழுத்துகளை வைத்து என்னென்ன விளையாடலாம்?

ரூன் எழுத்துகளைப் பற்றித் தேடினால் குறி சொல்லும் கற்களும் தாயத்துகளும்தான் வந்து விழுகின்றன, பதினொரு வயது மகளும் அவள் தோழிகளும் உட்கார்ந்து விளையாட இந்த எழுத்துகளில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. நாமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதுகூட இல்லை. ரூன்களைச் செதுக்கியவர்களே அவற்றை வைத்து ஆசை தீர விளையாடியிருக்கிறார்கள். சங்கேதம், விடுகதை, எழுத்தைக் கலைத்துப் போடுவது, பெயரை ஒளித்து வைப்பது, "முடிந்தால் படி பார்க்கலாம்" என்று சவால் விடுவது என எல்லாமே கல்லிலும் கட்டையிலும் எலும்பிலும் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் வீட்டில் ஆடக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேவையான அளவுக்கு அடிப்படை. வட ஐரோப்பாவில் கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் தொடங்கிய எழுத்து இது. வரிசையின் முதல் ஆறு எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து 'ஃபுதார்க்' என்கிறார்கள். பழைய வரிசையில் 24 எழுத்துகள். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கியது. இங்கிலாந்தில் மட்டும் எதிர்த் திசையில் போய் முப்பதை ஒட்டிப் பெருகியது. மரத்தில் கத்தியால் வெட்டுவதற்கான எழுத்து என்பதால் எல்லாம் செங்குத்துக் கோடும் சாய்கோடும்தான். மர இழையோடு படுத்துப்போகிற கிடைக்கோட்டைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். நம் எழுத்து பனையோலை கிழியக் கூடாது என்பதற்காக வளைந்தது என்பார்கள். அங்கே கதை தலைகீழ்.

மகளுக்கு எந்த வரிசையைக் கற்றுத் தருவது? என் ஓட்டு 16 எழுத்து வரிசைக்கு. காரணம் எண்ணிக்கை குறைவு என்பது மட்டுமல்ல. அதில் ஆங்கில k, g (go-வில் வரும் ஒலி) இரண்டுக்கும் ஒரே எழுத்து, t, d இரண்டுக்கும் ஒரே எழுத்து, p, b இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். 'பந்து', 'கம்பம்' இரண்டையும் ஒரே 'ப'வால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது விஷயமே இல்லை. இன்னொன்று: நாவலிலோ கணினி விளையாட்டிலோ பார்த்த ரூன் அட்டவணையைக் கையில் வைத்திருந்தால், அது கற்பனை எழுத்தா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937-ல் வெளியான 'தி ஹாபிட்' நாவலின் வரைபடத்தில் எழுதியவை பழைய ஆங்கில ரூன்களை ஒட்டியவை. பின்னால் வந்த பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'க்கு அவர் உருவாக்கியது அதே சாயலில் அமைந்த வேறொரு எழுத்து முறை.

இனி விளையாட்டு. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: ரூன் வரிசை மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பழைய 24-ல் எட்டு எட்டாக மூன்று. 16-ல் ஆறு, ஐந்து, ஐந்து. ஆகவே எந்த எழுத்தையும் இரண்டு எண்ணால் சொல்லிவிடலாம்: எத்தனையாவது குழு, அதில் எத்தனையாவது இடம். 16 எழுத்து வரிசையை ஒலியால் எழுதினால் முதல் குழு ஃப், உ, த், ஆ, ர், க். இரண்டாவது ஹ், ந், இ, அ, ஸ். மூன்றாவது ட், ப், ம், ல், கடைசியில் வேறொரு ர். எதிராளியைக் குழப்புவதற்காகக் குழு எண்ணைப் பெரும்பாலும் திருப்பிப் போட்டார்கள். கடைசிக் குழு 1, முதல் குழு 3. அந்தக் கணக்கில் 'ருனா' என்று எழுத வேண்டுமானால் 3-5, 3-2, 2-2, 2-4.

எண்ணாக எழுதிவிட்டால் சுவை இல்லை அல்லவா? அதனால் எண்ணைப் படமாக மாற்றினார்கள். ஒரு செங்குத்துக் கோடு. அதன் இடப்பக்கம் குழு எண்ணிக்கைக்குக் கிளைகள், வலப்பக்கம் இட எண்ணிக்கைக்குக் கிளைகள். இதற்குக் கிளை ரூன் என்று பெயர். தெரியாதவர் பார்த்தால் யாரோ சவுக்குத் தோப்பை வரைந்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். நார்வேயின் பெர்கன் நகரில் கிடைத்த ஒரு குச்சியில் இதே கணக்கை மனித முகங்களாக வரைந்திருக்கிறார்கள்: எண்ண வேண்டியது தாடி மயிரை! மீனின் செதிளில் எண்ணை ஒளித்தவர்களும் உண்டு. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "எண்ணை எதில் வேண்டுமானாலும் ஒளித்துக்கொள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். வண்டியின் ஆரக்கால், பூவின் இதழ், பூனை மீசை என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் மேஸ்ஹவ் என்ற கல்லறை மேடு ஒன்று உண்டு. கட்டி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் வட நாட்டுக்காரர்கள் கூரையை உடைத்து உள்ளே இறங்கி, சுவரெல்லாம் கிறுக்கி வைத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கிறுக்கல்கள். "பெண்களில் பேரழகி இங்கிகெர்த்" என்று ஒருவர் எழுதியிருக்க, பக்கத்திலேயே எச்சில் வடிக்கும் நாய் ஒன்றின் படம். தோல்ஃபிர் கோல்பெய்ன்சன் என்பவர் "இந்த ரூன்களை உயரத்தில் செதுக்கினேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். உண்மையிலேயே உயரத்தில்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்தது, மேற்குக் கடலுக்கு அப்பால் ரூன் கலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பீற்றிக்கொண்டவருடையது. அவர் தன் வரியைக் கிளை ரூன்களில் தொடங்குகிறார். முதல் இரண்டு சொல் சங்கேதம், பிறகு சாதாரண எழுத்து. பீற்றலுக்கு அத்தாட்சியும் கையோடு கொடுத்துவிடுகிறார். அதே நூற்றாண்டில் அந்தத் தீவுகளை ஆண்ட ரோக்ன்வால்ட் பிரபு தனக்குத் தெரிந்த ஒன்பது கலைகளைப் பட்டியலிட்டு ஒரு பாட்டு எழுதினார். முதலில் கட்ட விளையாட்டு, அடுத்தே ரூன், பிறகுதான் புத்தகம், கைத்தொழில், பனிச்சறுக்கு, வில், துடுப்பு, யாழ், கவிதை. ரூன் எந்த வரிசையில் நிற்கிறது பாருங்கள்.

இதைத் தமிழில் ஆட முடியுமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். முடியும், அதுவும் அழகாக முடியும். நம் மெய்யெழுத்து பதினெட்டும் ஏற்கெனவே மூன்று குழுக்களாகத்தான் பிரிந்து கிடக்கின்றன. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. ரூன் செதுக்கிகள் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். இடக்கிளை இனத்துக்கு (வல்லினம் 1, மெல்லினம் 2, இடையினம் 3), வலக்கிளை அந்த இனத்தில் எத்தனையாவது என்பதற்கு. உயிருக்கு மரத்தின் அடியில் வேர்களை வரைந்துகொள்ளுங்கள். அ என்றால் ஒரு வேர், ஆ என்றால் இரண்டு, ஔ வரை பன்னிரண்டு. வேர் இல்லாவிட்டால் புள்ளி வைத்த மெய். கிளையே இல்லாமல் வேர் மட்டும் இருந்தால் தனி உயிர். 'வா' என்பதற்கு இடப்பக்கம் மூன்று கிளை, வலப்பக்கம் நான்கு, கீழே இரண்டு வேர். 'மரம்' என்று எழுதினால் மூன்று மரங்கள் வரும்: 2-5 ஒரு வேர், 3-2 ஒரு வேர், 2-5 வேரில்லாமல். ஓரளவு பழகியதும் இன எண்ணைத் திருப்பிப் போட்டு இடையினத்தை 1 ஆக்கிவிடுங்கள். வகுப்பில் பரிமாறும் சீட்டை யார் பிடுங்கிப் பார்த்தாலும் தோப்புதான் தெரியும். வல்லினம் மெல்லினம் மனப்பாடமாவது கூடுதல் லாபம், ஆனால் அதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

எழுதாமலும் இதை ஆடலாம். 9-ஆம் நூற்றாண்டு அளவில் லத்தீனில் எழுதப்பட்ட ஒரு சிறு குறிப்பு, ரூன் சங்கேதங்களை வகைப்படுத்துகிறது. ஒன்றில் 'இ' எழுத்தையே சிறியதும் பெரியதுமாக அடுக்கி எண்ணிக்கை காட்டுகிறார்கள், இன்னொன்றில் 'ல்' எழுத்தை, இன்னொன்றில் புள்ளிகளை. அதோடு தட்டி ஓசையெழுப்பியே சொல்லும் வகை ஒன்றும் அதில் வருகிறது. அதாவது மேசையில் மூன்று தட்டு, சற்று இடைவெளி, ஐந்து தட்டு: ஓர் எழுத்து முடிந்தது. இரண்டு அணியாகப் பிரித்து, ஒருவர் தட்ட, மற்றவர் எழுத, எந்த அணி முதலில் சொல்லைச் சொல்கிறது என்று பார்க்கலாம். மின்சாரம் போன இரவுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. தமிழில் உயிருக்கு மூன்றாவது தட்டு வரிசை வேண்டும் என்பதால் நீளம் கூடும். அதனால் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விளையாட்டு. ரூன் எழுத்துகளுக்கு வெறும் ஒலி மட்டுமல்ல, பெயரும் உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒரு பொருளைக் குறிக்கும். 'ஃப்' செல்வம். 'உ' தூறல். 'த்' அரக்கன். 'ர்' குதிரைச் சவாரி. 'க்' புண். 'ஹ்' ஆலங்கட்டி மழை. 'ந்' வறுமை, நெருக்கடி. 'இ' பனிக்கட்டி. 'ம்' மனிதன். எழுத்துக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயருக்கு விடுகதை போடலாம். விடுகதைகளை அடுக்கினால் ஒரு சொல் உருவாகும். நார்வேயில் டெலிமார்க் பகுதியில் உள்ள ஒரு பழைய தேவாலயச் சுவரில் இடைக்காலத்து ஆள் ஒருவர் இதைத்தான் செய்திருக்கிறார். "தூக்கம் எனக்கு மறுக்கப்படுகிறது" என்று தொடங்குகிறது. அதன் பிறகு காரணத்தைச் சொல்லாமல் ஆறு புதிர்கள். குழந்தைகளின் நோய், அதாவது புண், ஆகவே 'க்'. பிறகு பாடுபடுகிறவர்களுக்குப் பிடிக்காதது. அது தூறல், 'உ'. மலையில் குடியிருப்பவன், அரக்கன், 'த்'. குதிரையின் உழைப்பு, சவாரி, 'ர்'. வைக்கோலுக்கு வந்த கேடு, மறுபடியும் தூறல், 'உ'. அடிமையின் துயரம், 'ந்'. சேர்த்தால் குத்ரூன். ஒரு பெண்ணின் பெயர்! கடைசியில் "இதை அவர்கள் படித்தறியட்டும்" என்று முடிகிறது. கடவுளைக் கும்பிடப் போன இடத்தில் தூக்கம் கெட்டதற்கான காரணத்தை இவ்வளவு பத்திரமாகச் சுவரில் எழுதி வைத்த ஆளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

விடுகதை நமக்குப் புதிதல்ல, தமிழில் ஆட அதிகம் மெனக்கெட வேண்டாம். எழுத்துக்குப் பெயர் இல்லையே என்றால், அரிச்சுவடிப் படம் இருக்கிறதே: அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு. ஒளிக்க வேண்டிய பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, அந்தப் பொருளுக்குப் புதிர் போட வேண்டும். "கரைக்கு வந்து வந்து திரும்புவான், முருகனைச் சுமப்பான், குதிரைக்குச் செருப்பாவான்" என்றால் கடல், மயில், லாடம்: கமலா. விடை தெரிந்த பிறகு மிகச் சுலபமாகத் தெரியும். பெயர் தெரியாமல் முட்டி மோதுகிற கால்மணி நேரம்தான் விளையாட்டே. பிறந்தநாளன்று வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இப்படிப் புதிராக்கிச் சீட்டில் எழுதி, தன் சீட்டைத் தானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஐஸ்லாந்தில் நீண்ட கதைப்பாடல் எழுதிய புலவர்கள் தங்கள் பெயரைப் பாட்டின் முடிவில் ரூன் பெயர்களுக்குள் ஒளித்து வைக்கும் வழக்கம் நூற்றாண்டுகள் கழித்தும் நீடித்தது. பழைய ஆங்கிலத்தில் கினிவுல்ஃப் என்ற கவிஞர் நான்கு கவிதைகளில் தன் பெயரை ரூன்களாகச் சிதறவிட்டிருக்கிறார். அவரைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தக் கையெழுத்து மட்டுமே என்று சொல்லலாம்.

இங்கிலாந்து என்றதும் எக்ஸிட்டர் தேவாலயத்தில் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டுச் சுவடியை விட முடியாது. தொண்ணூற்றுச் சொச்சம் விடுகதைகள் அதில் உண்டு, சிலவற்றில் ரூன் புகுந்து விளையாடுகிறது. ஒன்றில் குதிரை, மனிதன், பருந்து எல்லாவற்றையும் குறிக்கும் சொற்களைப் பின்னிருந்து முன்னாக ரூனில் எழுதிவிட்டார்கள். இன்னொன்று சற்று வில்லங்கமானது: முற்றத்தில் கூடிக் களித்த ஒரு சோடியைப் பற்றிப் பேசிவிட்டு, யாரென்று தெரிய வேண்டுமானால் இந்த ரூன்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. 'ந்' இரண்டு, 'அ' இரண்டு, 'ஹ்' இரண்டு, 'ஏ' சாயலில் ஒலிக்கும் ஓர் உயிர் ஒன்று. ஏழு எழுத்தையும் கலைத்து அடுக்கினால் 'ஹனா', 'ஹேன்' என்று இரண்டு சொல் வரும், சேவலும் கோழியும். அதுவரை முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்த கூடத்தில் எப்படிச் சிரிப்பு எழுந்திருக்கும்! எழுத்து எண்ணிக்கையை மட்டும் சொல்லி இரட்டைச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இந்த முறை, எழுத்து அட்டைகளை வெட்டி வைத்துக்கொண்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தால் டென்மார்க்கின் கோர்லெவ் கல்லிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் திடீரென்று இப்படி ஒரு வரி: த் ம் க், இஇஇ, ஸ்ஸ்ஸ், ட்ட்ட், இஇஇ, ல்ல்ல். பிழைபோலத் தெரிகிற இது, ஒரே ஓசையில் முடியும் மூன்று சொற்களை எழுத்து எழுத்தாகப் பின்னியது: திஸ்டில், மிஸ்டில், கிஸ்டில். முட்செடி, ஒட்டுண்ணிச் செடி, சிறு பெட்டி. ஸ்வீடனின் லெட்பெர்க் கல்லிலும் இது உண்டு, இன்னும் சில சொற்களைச் சேர்த்து நீட்டியவர்களும் உண்டு. மந்திரம் என்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மந்திரம் மட்டும்தான் என்று நம்ப முடியவில்லை. கட்டம், பட்டம், வட்டம் மூன்றையும் அப்படிப் பின்னினால் க ப வ, ட் ட் ட், ட ட ட, ம் ம் ம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை கத்தும் வரை பொறுமை வேண்டும்.

எல்லாம் சுலபமாகத் தெரிகிறது என்கிற பெரிய பிள்ளைகளுக்கு 'யோத்துன்வில்லுர்' என்ற கடினமான வகை. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் யோனஸ் நோர்த்பி இதன் சூத்திரத்தைக் கண்டுபிடித்தது 2014-ல் செய்தியானது. துப்புக் கொடுத்தது பெர்கனில் கிடைத்த ஒரு 13-ஆம் நூற்றாண்டுக் குச்சி. சிகுர்த், லாவ்ரன்ஸ் என்று இரண்டு பேர் தங்கள் பெயரைச் சங்கேதத்திலும் சாதாரண எழுத்திலும் செதுக்கியிருந்தார்கள். விதி இதுதான்: எழுத்துக்குப் பதிலாக அதன் பெயரின் கடைசி ஒலியை எழுது. 'ம்' எழுத்தின் பெயர் 'மத்ர்' என்பதால் 'ம்'முக்குப் பதில் 'ர்'. சிக்கல் எங்கே என்றால் 'உ', 'அ', 'ட்', 'ம்', 'ல்' எனப் பல எழுத்துகளின் பெயரும் 'ர்' ஒலியில்தான் முடிகின்றன. ஆகவே 'ர்' கண்ட இடமெல்லாம் பல வழி பிரிகிறது. செய்தி அனுப்ப இது உதவாது. எழுத்துகளின் பெயரை மனப்பாடம் செய்யவும், ஒருவரை ஒருவர் திணறடிக்கவும்தான் உதவும். நோர்த்பியின் கருத்தும் ஏறக்குறைய அதுதான். இந்தச் சங்கேதங்களில் பலவும் ரகசியத்துக்காக அல்ல, பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் என்கிறார்.

எல்லை கடந்து போனால் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்வீடனின் ரோக் கல் உதாரணம். 800-ஐ ஒட்டிய காலம். இறந்துபோன மகன் வாமோத்தின் நினைவாக வாரின் எழுப்பியது. 760 எழுத்துகள். ஓரிடத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வரிசையில் அதற்கு முந்தைய எழுத்து. ஓரிடத்தில் வழக்கொழிந்துபோன 24 எழுத்து வரிசையிலிருந்து எடுத்தவை. ஓரிடத்தில் எண் சங்கேதம் பெரிய குறுக்குக் கோடுகளாக. துக்கத்தில் நட்ட கல்லில் இவ்வளவு புதிர் ஏன் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2020-ல் நான்கு ஆய்வாளர்கள் சேர்ந்து, கல் முழுவதையும் சூரியனும் பருவநிலையும் பற்றிய புதிர்த் தொடராகப் படித்துக் காட்டினார்கள். 'முந்தைய எழுத்து' விதியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் உயிர் வரிசையிலும் அது உடனே வேலை செய்யும்.

எதை எழுதுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீரவசனம் எழுதத் தேவையில்லை. பெர்கன் துறைமுகத்தில் 1955 தீ விபத்துக்குப் பிறகு தோண்டியபோது ஏறக்குறைய 670 ரூன் பொறிப்புகள் கிடைத்தன, பெரும்பாலும் மரக்குச்சிகளில். சரக்குச் சீட்டு, உரிமையாளர் பெயர், வேண்டுதல், கெட்ட வார்த்தை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஒன்றில், "கீதா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்" (நம் ஊர்க் கீதா அல்ல, நார்வேக்காரி). "என்னை நினை, உன்னை நினைக்கிறேன், என்னை நேசி, உன்னை நேசிக்கிறேன்" என்று இன்னொன்று. ஆகவே ஐஸ் குச்சியில் "வீட்டுக்கு வா" என்று செதுக்கிப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினால், அதைவிட அசலான ரூன் செய்தி கிடையாது. கத்தி கொடுக்க மனம் வராவிட்டால் ஈரக் களிமண் பட்டையும் ஈர்க்குச்சியும் போதும். எழுத்து கோணலாக வந்தாலும் கவலையில்லை. இதுவரை கிடைத்த ரூன் கற்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் நார்வேயின் ஸ்விங்கெருத் கல் 2021-ல் அகழ்ந்தெடுக்கப்பட்டது, கி.பி. 1-க்கும் 250-க்கும் இடைப்பட்டது. அதில் ஒரு பெயர்போலத் தெரியும் சொல்லோடு வரிசையின் முதல் மூன்று எழுத்து, கட்டம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு என்று ஏகப்பட்ட கிறுக்கல். யாரோ பழகியிருக்கிறார்.

ரூனும் விளையாட்டுச் சாமானும் நேரடியாகச் சேர்ந்து கிடைத்ததும் உண்டு. இங்கிலாந்தில் நாரிச் அருகே கெய்ஸ்டரில் 5-ஆம் நூற்றாண்டுத் தாழி ஒன்றில் நம் கழற்சிக்காய் போல வைத்து ஆடும் கணுக்கால் எலும்புகள் இருந்தன. பெரும்பாலும் ஆட்டுடையவை, மானுடையது ஒன்று மட்டும், அதில் மான் என்று பொருள்படுவதாகக் கருதப்படும் சொல் ரூனில்.

குறி சொல்லும் கற்களைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். ரோமானியர் டாசிட்டஸ் கி.பி. 98-ல், ஜெர்மானியர்கள் மரத்துண்டுகளில் குறியிட்டு வெள்ளைத் துணியில் வீசிப் பலன் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் குறி ரூன்தான் என்பதற்கு அவர் சொல்லில் ஆதாரம் இல்லை. இன்று கடையில் பையோடு விற்கும் 25 கற்களில் ஒன்று வெறுமையாக இருக்குமே, அது 1982-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூல் கொண்டுவந்த பழக்கம். பொழுதுபோக்காக எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, 'தொன்மையான வைக்கிங் சோதிடம்' என்று காசு வாங்கினால் மட்டும் கொடுக்காதீர்கள். அந்தப் பையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றாலும் வீணில்லை: வெற்றுக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தில் கண்ணை மூடி ஐந்து கல் எடுத்து, வந்த எழுத்துகளின் பெயர்கள் அத்தனையும் வருகிற மாதிரி ஒரு கதை சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். அரக்கனும் ஆலங்கட்டி மழையும் சேர்ந்து வந்தால் கதை தானாக ஓடும்.

கடைசியாக, பெயரின் முதலெழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டி முத்திரை செய்வது. ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு ரூன்களைப் பொருத்தும் பழக்கம் பழையது. நீங்கள் தினமும் பார்ப்பதும்கூட. கைப்பேசியின் புளூடூத் சின்னம், டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத்தின் முதலெழுத்துகளான 'ஹ்', 'ப்' ரூன்களை ஒட்டியதுதான். பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போகும். இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும் கட்டாயம் வேண்டும். மின்னல் வெட்டுப்போல மூன்று கோட்டில் எழுதும் 'ஸ்' ரூனை இரண்டு முறை பக்கம் பக்கமாக எழுதினால் அது நாஜிகளின் எஸ்எஸ் படையின் சின்னம். ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். அடியில் கால் நீட்டிய 'ஓ' ரூனையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்றைய இனவெறிக் கும்பல்களும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் எஸ். சரவணன், எஸ். சுமதி என்று தலைப்பெழுத்தும் பெயரும் 'ஸ்' ஒலியில் தொடங்குகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள் என்பதால் இது தற்செயலாக நடந்துவிடக்கூடிய விஷயம். அந்தப் பிள்ளைகளின் முத்திரையைக் கிளை ரூனில் போட்டுவிடுங்கள்: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஐந்து, இரண்டு மரம்.